பின்சீட்டில் நாய்: ஸ்பிதிக்குப் புறப்படும் முன்

பைக்கில் நாயை ஏற்றிக்கொண்டு தொலைதூரம் போக நினைப்பவர்கள் பெரும்பாலும் வண்டியிலிருந்துதான் வேலையைத் தொடங்குகிறார்கள். புது டயர், பக்கவாட்டுப் பெட்டிகள், கூடுதல் விளக்கு, பெட்ரோல் கேன் என்று எல்லாம் முடிந்த பிறகு, மிச்சமிருக்கும் இடத்தில் நாயை எங்கே உட்கார வைக்கலாம் என்று பார்க்கிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். நாய்க்குத் தாகத்தையும் தலைச்சுற்றலையும் வாய்விட்டுச் சொல்லத் தெரியாது. இறங்க வேண்டுமென்று தோன்றினால் குதிக்க மட்டுமே தெரியும். ஆகவே வண்டியில் எவ்வளவு எடை ஏற்றலாம், என்ன வேகத்தில் போகலாம், ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், எந்த மாதம், எந்தப் பாதை என்ற எல்லாவற்றையும் நாயின் உடம்பை வைத்தே முடிவு செய்ய வேண்டும். பொதுவாகப் பேசினால் பிடி கிடைக்காது என்பதால் ஒரு பாதையையே எடுத்துக்கொள்வோம்: இமாசலப் பிரதேசத்தில் சிம்லாவிலிருந்து கின்னௌர் வழியாக ஸ்பிதிப் பள்ளத்தாக்கின் காஜா வரை. மேலே போகப் போகப் பெட்ரோல் பங்க் அரிது, மரநிழல் அதைவிட அரிது, செல்போன் சிக்னல் பல இடங்களில் கிடையாது. இந்தப் பாதைக்குச் சரியாகத் தயாரான வண்டி, சமவெளியில் எங்கும் தாங்கும்.

முதல் வேலை கால்நடை மருத்துவரிடம். பக், புல்டாக், ஷிட்சூ போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இந்தப் பயணம் வேண்டவே வேண்டாம். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. மூச்சுப்பாதை குறுகிய நாய் சமவெளி வெயிலிலேயே திணறும், காற்று மெலிந்த மலையில் இரட்டைக் கஷ்டம். ஒரு வயது நிரம்பாத குட்டி, மூட்டுத் தேய்மானம் உள்ள கிழ நாய், இதயத்தில் சிக்கல் உள்ள நாய் ஆகியவற்றையும் விட்டுவிட வேண்டும். நம் சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்கள் வெயிலை ஓரளவு தாங்கும். ஆனால் உடம்பில் கொழுப்பும் குறைவு, ரோமமும் குட்டை. செப்டம்பர் மாத ஸ்பிதி இரவில் பாதரசம் பூஜ்ஜியத்தை நெருங்கும்போது இவற்றுக்குக் கம்பளி அங்கியும் அறைக்குள் படுக்கையும் கட்டாயம். ரேபிஸ் தடுப்பூசியும், டிஸ்டெம்பர், பார்வோ, எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கான தடுப்பூசிகளும் நடப்பில் இருக்க வேண்டும். இது உங்கள் நாயின் நலனுக்கு மட்டுமல்ல. ஸ்பிதியிலும் லடாக்கிலும் தெருநாய்க் கூட்டங்கள் ஏற்கெனவே பெரிய பிரச்சினை. ஆடுமாடுகளையும் காட்டு விலங்குகளையும் அவை தாக்குகின்றன. டிஸ்டெம்பர் போன்ற நோய்கள் நாயிடமிருந்து காட்டு விலங்குகளுக்கும் தொற்றக்கூடியவை. வெளியூர் நாய் ஒன்று நோயைச் சுமந்துகொண்டு அங்கே போவது மன்னிக்கத்தக்கதல்ல.

நாய் தேறிவிட்டது என்றால் அடுத்து தராசு. சேணப்பட்டை, கோட்டு எல்லாவற்றோடும் நாயை நிறுத்துப் பாருங்கள். பதினெட்டு கிலோ நாய் என்று வைத்துக்கொள்வோம். அதற்கான பெட்டி ஏழு கிலோ, ஆக மொத்தம் இருபத்தைந்து. பின்னால் அறுபத்தைந்து கிலோ ஆளை ஏற்றும் வண்டிக்கு இது பெரிய சுமையா என்று கேட்பது இயல்பு. எடை மட்டுமே கணக்கு என்றால் பெரிய சுமையில்லைதான். ஆனால் பின்னால் உட்காரும் ஆள் தன் எடையில் ஒரு பகுதியைக் கால்வைப்பான்களில் தாழ்வாக இறக்குகிறார், வளைவில் வண்டியோடு சேர்ந்து சாய்கிறார், பள்ளம் வருவதைப் பார்த்து உடம்பைத் தளர்த்துகிறார். நாய்ப்பெட்டியின் எடையோ முழுக்க உயரத்தில் நிற்கிறது, வளைவின் நடுவில் நாய் எதையோ பார்க்கத் திரும்பினால் அந்த எடையும் திரும்புகிறது. அதனால்தான் பெட்டி இருக்க வேண்டிய இடம் பின்சீட்டின் மேல், பின்சக்கர அச்சுக்கு முன்னால். சீட்டுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் லக்கேஜ் ரேக் சில கிலோ எடைக்காகச் செய்யப்பட்டது. அதில் நாயை ஏற்றினால் கல்ரோட்டில் அதைத் தாங்கும் கம்பிகள் விரிசல் விடும், முன்சக்கரம் இலகுவாகி ஹேண்டில் ஆடும். சின்ன நாய்தானே, டாங்கின் மேல் முன்னால் வைத்துக்கொள்கிறேன் என்பவர்களும் உண்டு. அங்கே எஞ்சின் சூடு அடிக்கும், ஹேண்டிலைத் திருப்ப இடைஞ்சல், வண்டி விழுந்தால் உங்கள் மார்புக்கும் டாங்குக்கும் நடுவில் நாய் நசுங்கும்.

பெட்டியின் அளவை நாயை வைத்தே எடுங்கள். மார்பிலிருந்து வாலடி வரை நீளம், உட்கார்ந்தால் உயரம், சுருண்டு படுத்தால் அகலம் என்ற மூன்றும் வேண்டும். நாய் அதற்குள் உட்காரவும், படுக்கவும், திரும்பவும் முடிய வேண்டும். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவு, விலங்குக்குத் தேவையற்ற வேதனை உண்டாகும்படி அதை ஏற்றிச் செல்வதையும், அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பதையும் குற்றமாகவே சொல்கிறது. வெளிநாடுகளில் இதற்கென்றே தயாராகும் பெட்டிகள் இருக்கின்றன. இங்கே வரவழைத்தால் விலை கூடும். நல்ல வெல்டிங் பட்டறையில் மெல்லிய சதுரக் குழாயால் சட்டம் அடித்து, பலகையில் தளம் போட்டு, மேலே யோகா பாய் ஒட்டினாலே போதும். பக்கச் சுவர் நாயின் தோள் உயரத்துக்கு வர வேண்டும், முன்புறமும் பக்கவாட்டிலும் காற்று போக வலை வேண்டும். பட்டறைக்காரர் வண்டியின் சேஸிஸில் நேரடியாக வெல்டிங் வைக்கலாம் என்பார், சம்மதிக்காதீர்கள். வெல்டிங் சூடு குழாயைப் பலவீனமாக்கும். பக்கவாட்டுப் பெட்டிகளுக்கான ஃபிரேமில் எட்டு மில்லிமீட்டர் போல்ட்டுகளால், நைலான் வளையம் வைத்த நட்டுப் போட்டு முடுக்குவதுதான் முறை. ஒவ்வொரு நட்டிலிருந்தும் சட்டத்துக்கு ஒரே கோடாக வெள்ளை பெயிண்ட் இழுத்து வையுங்கள். இரவு டார்ச் அடித்துப் பார்க்கும்போது கோடு உடைந்திருந்தால் நட்டுத் தளர்ந்திருக்கிறது என்று ஸ்பேனர் எடுக்காமலே தெரியும்.

பெட்டி முடிந்ததும் நாயை ஏற்ற அவசரப்பட வேண்டாம். நாயின் எடைக்கு மணலை மூட்டையாகக் கட்டிப் பெட்டிக்குள் வையுங்கள். பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டு, வெயில் நேரத்தில் ஒரு மணிநேரம் ஓட்டுங்கள். சைலன்ஸர் போகும் பக்கத்தில் பெட்டியின் அடித்தளம் கைவைக்க முடியாதபடி சுடுகிறதா, உள்ளே புகை வாசம் நிற்கிறதா என்று பாருங்கள். ஓடும் வண்டியில் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறையும், பின்புறம் திறந்த பெட்டி அந்த உறிஞ்சலில் புகையை உள்ளே இழுத்துக்கொள்ளும். வாசம் இருந்தால் பின்சுவரை அடைத்து, பக்க வலையைப் பெரிதாக்க வேண்டும். அதே ஓட்டத்தில் சஸ்பென்ஷனையும் சரிபார்த்துவிடலாம். பின்சக்கர அச்சுக்கு நேர் மேலே ஃபிரேமில் ஓர் அடையாளம் வைத்து, வண்டியைத் தூக்கிச் சக்கரம் தொங்கும்போதும், முழுச் சுமையோடு நீங்கள் ஏறி உட்கார்ந்த பிறகும் இடைவெளியை அளந்து கழியுங்கள். அந்த இறக்கம் சக்கரத்தின் மொத்த ஏற்ற இறக்கத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். பழைய 411 சிசி ஹிமாலயன் பைக்கில் பின்சக்கர ஏற்ற இறக்கம் 180 மில்லிமீட்டர், ஆகவே 60 மில்லிமீட்டருக்கு மேல் அமுங்கினால் ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் ஆரம்ப இறுக்கத்தைக் கூட்டுங்கள். கூட்டியும் போதவில்லை என்றால் கனமான ஸ்பிரிங் தேவை, அல்லது சாமான் அதிகம். இரண்டாவதாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

பெட்ரோல் கணக்கும் நாயோடு பிணைந்ததே. இந்தப் பாதையில் ரெக்காங் பியோ பக்கத்துப் பங்குக்கு அடுத்தது காஜாவில்தான், இடையில் சுமார் இருநூறு கிலோமீட்டர். காஜாவில் சில நாள் பெட்ரோல் தீர்ந்துபோவதும் உண்டு. அதே ஹிமாலயனின் டாங்க் 15 லிட்டர், பின்னர் வந்த 450இல் 17. லிட்டருக்கு இருபத்தைந்து கிடைத்தாலும் காஜா தாண்டி உதவும். ஆகவே ஐந்து லிட்டர் கேன் ஒன்று போதும். இரண்டாவது கேனைக் கட்டுவதை விட அந்த எடையில் தண்ணீர் எடுத்துச் செல்வது மேல். கேனை நாய்ப்பெட்டிக்குக் கீழோ பக்கத்திலோ கட்டாதீர்கள், ஆவி உள்ளே போகும். மற்றபடி புதிய பிரேக் பேட், சுமையோடு சரிசெய்த செயின் தொய்வு, உபரி கிளட்ச் கேபிள், இரண்டு டியூப், பம்ப், லீவர் என எந்த மலைப்பயணத்துக்கும் உரியவைதான். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சைடு ஸ்டாண்டின் அடியில் உள்ளங்கை அகலத் தகடு ஒன்று பொருத்துங்கள். நாய் தாவி ஏறும்போது வண்டி அசையும், குறுகிய ஸ்டாண்டு சரளையில் புதைந்து வண்டி சாய்ந்தால் உள்ளே கட்டப்பட்டிருப்பது நாய்.

கட்டுவது பற்றித்தான் பலரும் சந்தேகம் எழுப்புகிறார்கள். விபத்தில் வண்டியோடு சேர்ந்து நாயும் இழுபடாதா, கட்டாமல் விட்டால் தப்பித்து ஓடுமே என்கிறார்கள். விபத்து நடக்கலாம், நடக்காமலும் போகலாம். குதிக்கும் ஆபத்தோ ஒவ்வொரு நிமிடமும் இருக்கிறது. எதிரே ஓர் ஆட்டுமந்தை வந்தால் போதும், எவ்வளவு பழகிய நாயும் அரை நொடியில் வெளியே இருக்கும், ஒரு பக்கம் லாரி, மறுபக்கம் சட்லெஜ் பள்ளத்தாக்கு. ஆகவே கட்டித்தான் ஆக வேண்டும், ஆனால் கழுத்துப்பட்டையில் அல்ல. மார்பைச் சுற்றி வரும் சேணப்பட்டையின் முதுகு வளையத்திலிருந்து பெட்டியின் இரு பக்கமும் இரண்டு குட்டைப் பட்டைகள். நாய் உட்காரலாம், படுக்கலாம், ஆனால் முன்னங்கால் சுவரைத் தாண்டக் கூடாது என்பதே நீளத்துக்கு அளவு. ஒரு கையால் கழற்றக்கூடிய கொக்கி வேண்டும். பட்டையை அறுக்க ஒரு கத்தியை உங்கள் ஜாக்கெட் பையில் வைத்திருங்கள், லக்கேஜில் அல்ல.

நாய்க்குக் காற்று பிடிக்கும், காரில் போனாலும் ஜன்னலுக்கு வெளியேதானே தலையை நீட்டுகிறது, கண்ணாடியெல்லாம் எதற்கு என்பது அடுத்த ஆட்சேபம். நாய்க்குக் காற்று பிடிப்பது மெய், அதற்கு வாசனைகள் வருகின்றன. கருவிழியில் சரளைத் துகள் பட்டால் புண் வரும் என்பதும் மெய். நாய்க்கென்று செய்யப்பட்ட ரெக்ஸ் ஸ்பெக்ஸ் போன்ற கண்ணாடிகளும், மட் மஃப்ஸ் போன்ற காதுக் கவசங்களும் விற்பனையில் இருக்கின்றன. காது விஷயம் பலர் நினைப்பதைவிட முக்கியம். மனிதக் காது இருபதாயிரம் ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது, நாய் ஏறக்குறைய நாற்பத்தைந்தாயிரம் வரை கேட்கிறது. நமக்கே ஹெல்மெட்டுக்குள் இரைச்சலாக இருக்கும் காற்று அதற்கு எப்படி இருக்கும்? கவசத்தைவிட நல்ல மருந்து வேகத்தைக் குறைப்பது. நாற்பது, ஐம்பதில் போனால் இரைச்சலும் குறையும், துகளின் வேகமும் குறையும், வளைவில் எடை ஆடுவதும் குறையும். கின்னௌர் ரோட்டில் அதற்கு மேல் போகவும் முடியாது.

கிராமங்களில் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஆட்டையும் நாயையும் காலடியில் வைத்துத் தினமும் கொண்டுபோகிறார்களே, எந்தக் கவசமும் இல்லாமல்? கொண்டுபோகிறார்கள். அது தெரிந்த ரோடு, குறைந்த வேகம், பத்து நிமிடத் தூரம். குதித்துவிட்டாலும் நாய் நடந்து வீட்டுக்கு வந்துவிடும். தொலைவான இடத்தில் மாறுவது தவறின் விலை. வழியில் நாகோ, தாபோ என்ற ஊர்களுக்கு நடுவில் பாதத்தில் ஆழமான வெட்டு விழுந்தால் மருத்துவரைப் பார்க்க அன்று முழுதும் ஆகலாம். எனவே புறப்படும் முன்பே ராம்பூர், ரெக்காங் பியோ, காஜா பக்கங்களில் கால்நடை மருத்துவர் யார், எண் என்ன என்று விசாரித்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். செல்போன் சிக்னலை நம்பும் ஜிபிஎஸ் பட்டைகள் பல இடங்களில் வேலை செய்யாது. கழுத்தில் இரண்டு எண்கள் பொறித்த பித்தளை வில்லையே நம்பகமானது. முதலுதவிப் பையில் டிஜிட்டல் தெர்மாமீட்டர், சலைன், புண்ணைப் பீச்சிக் கழுவ ஊசியில்லாத சிரிஞ்ச், ஒட்டிக்கொள்ளும் பேண்டேஜ், உண்ணி எடுக்கும் இடுக்கி, மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்துகள், வாய்க்கூடு ஆகியவை வேண்டும். வலியில் உள்ள நாய் வளர்த்தவரையும் கடிக்கும், அதற்குத்தான் வாய்க்கூடு. உங்கள் வலி மாத்திரையை அதற்குக் கொடுக்காதீர்கள். இபுபுரூஃபன் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

தண்ணீரையும் தீனியையும் கணக்குப் பார்த்தே எடுத்துவையுங்கள். சும்மா இருக்கும் நாய்க்கே ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய அறுபது மில்லிலிட்டர் தண்ணீர் ஒரு நாளைக்கு வேண்டும். பதினெட்டு கிலோ நாய்க்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல். ஸ்பிதியின் உலர்ந்த காற்றில் மூச்சிரைத்தே தண்ணீர் போகும், அதனால் இரண்டு மடங்கு எடுங்கள். ஓடைத் தண்ணீரைக் கொதிக்கவைத்தோ வடிகட்டியோதான் கொடுக்க வேண்டும். உலர் தீனி என்றால் அதற்கு நாளொன்றுக்குச் சுமார் முந்நூறு கிராம் ஆகும், பத்து நாளுக்கு மூன்று கிலோ, ரோடு அடைபட்டால் தேவைப்படும் என்று இன்னும் இரண்டு நாளுக்கு. வழியில் கிடைப்பதைப் போடலாம் என்று கிளம்பினால் வயிற்றுப்போக்கில் முடியும். முக்கியச் சாப்பாடு மாலையில், காலையில் புறப்பட இரண்டு மணிநேரம் முன்னால் கொஞ்சம். நிழலுக்கு ஒரு தார்ப்பாய், தரையில் திருகி இறக்கிக் கட்ட ஒரு முளை. பஞ்சர் ஒட்டும் அரைமணி நேரமும் நாயை யார் பிடித்துக்கொள்வது என்ற கேள்விக்கு இவைதான் பதில். ஈரத்தால் குளிரூட்டும் நாய்க்கோட்டுகள் உலர்காற்றில் நன்றாக வேலை செய்யும். சென்னைப் புழுக்கத்தில் ஈரம் ஆவியாகாது, கோட்டு வெறும் சுமை.

இந்தப் புழுக்கம்தான் தமிழ்நாட்டிலிருந்து கிளம்புபவர்களுக்கு முதல் பிரச்சினை. நாயின் இயல்பான உடல்வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ், 41ஐத் தொட்டால் உயிராபத்து. ஆந்திரா, விதர்பா, மத்தியப் பிரதேசம் என்று ஜூன் மாதச் சமவெளியை நாயோடு பைக்கில் கடப்பதை எந்த உபகரணமும் நியாயப்படுத்தாது. வண்டியை ரயில் பார்சலில் அனுப்பிவிட்டு, நாயை முதல் வகுப்பு ஏசியில் இருவர் கூபே முழுதையும் பதிவு செய்து அழைத்துப் போகலாம். கூபே ஒதுக்கப்படுவது உறுதியில்லை என்பதால் தேதியை இறுக்கமாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

பழக்குவதற்கு இரண்டு மாதமாவது ஒதுக்குங்கள். முதலில் பெட்டியை வீட்டுத் தரையில் வைத்து அதற்குள்ளேயே சாப்பாடு போடுங்கள். பிறகு நிற்கும் வண்டியில், பிறகு ஓடும் எஞ்சினோடு, பிறகு தெருமுனை வரை. கண்ணாடியை ஒரு நொடி மாட்டி எடுத்துத் தின்பண்டம் கொடுப்பதில் தொடங்குங்கள். ஏறு, இரு, இறங்கு என்ற மூன்று சொற்களுக்கும் நாய் தயங்காமல் கட்டுப்பட வேண்டும். கடைசித் தேர்வாகக் கொல்லிமலையின் எழுபது கொண்டைஊசி வளைவுகளை விடிகாலையில் ஏறி இறங்குங்கள். வாந்தி எடுக்காமல், ஓயாமல் எச்சில் வடிக்காமல், நடுங்காமல், மறுநாள் தானாகப் பெட்டியில் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏற மறுத்தால் அந்தப் பதிலை ஏற்றுக்கொள்ளுங்கள். இத்தனை நிபந்தனை இருந்தால் நாயை வீட்டிலேயே விட்டுவிடலாமே என்று கேட்டால், பெரும்பாலான நாய்களுக்கு ஆமாம் என்பதே நேர்மையான விடை. தேறும் நாய்களுக்காகத்தான் இவ்வளவு பாடும்.

கடைசியாகப் பாதை. மனாலியிலிருந்து குன்சும் கணவாய் வழியாக ஒரே நாளில் காஜா போய்ச் சேரலாம் என்பதால் பலருக்கும் அதுவே பிடிக்கிறது. நாய்க்கு அது மோசமான வழி. சுமார் 4,550 மீட்டர் உயரக் கணவாயில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 57 சதவீதம்தான். ரோடு கல்லும் ஓடையுமாக இருக்கும், பனி உருகி மதியத்துக்குமேல் ஓடைகளில் தண்ணீர் ஏறும், பெட்டிக்குள் எட்டு, பத்து மணிநேரம் குலுங்க வேண்டும். சிம்லா வழி நீளம்தான், ஆனால் உயரம் படிப்படியாகக் கூடும். சிம்லா 2,200 மீட்டர், கல்பா 2,960, தாபோ 3,280, காஜா சுமார் 3,700. மூவாயிரத்தைத் தாண்டியபின் ஓர் இரவுக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது என்ற மனிதருக்கான விதியையே நாய்க்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டர், மணிக்கொரு முறை நிறுத்தம், வந்த வழியே திரும்புதல். சந்திரதாலும் கிப்பரும் சரணாலயங்கள், பின் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா. பனிச்சிறுத்தையும் நீலஆடும் வாழும் அந்த இடங்களுக்குள் நாயைக் கொண்டுபோகாதீர்கள். ஊர்களில் எப்போதும் கயிற்றோடே நடத்துங்கள். தாபோவில் சேர்ந்த அன்று இரவு நாய் சாப்பாட்டை முகர்ந்துவிட்டு விலகினாலோ, படுத்திருக்கும்போதும் மூச்சிரைத்தாலோ, இருமினாலோ, காஜாவை மறந்துவிட்டு மறுநாள் காலையில் ரெக்காங் பியோவுக்கு இறங்கிவிடுங்கள்.